கொடி எரியும்போது சட்டம் எதைத் தண்டிக்கிறது?

கிழிந்து நைந்துபோன தேசியக் கொடியை என்ன செய்வது? குப்பையில் எறியக் கூடாது, துடைக்கும் துணியாக்கக் கூடாது. இந்தியக் கொடி நெறிமுறை இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒதுக்குப்புறமான இடத்தில், முழுக் கொடியாகவே, எரித்தோ அதன் கண்ணியத்துக்குக் குறைவு வராத வேறு முறையிலோ அழித்துவிட வேண்டும். அமெரிக்கக் கொடி நெறிமுறையும் எரிப்பதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அங்கே முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் ஜூன் 14ஆம் தேதி, கொடி நாளன்று, பழைய கொடிகளைச் சேகரித்து வந்து மரியாதை செலுத்தி நெருப்பில் இடுகின்றன.

அதே கொடியைத் தெருவில் நின்று அரசைத் திட்டிக்கொண்டே எரித்தால் இந்தியாவில் மூன்றாண்டுவரை சிறை. பொது இடத்தில் செய்வதால்தானே குற்றம் என்று கேட்கலாம். அமெரிக்கச் சங்கங்கள் கொடிகளை எரிப்பதும் ஊரார் கண் முன்னால்தான். துணியும் தீயும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எரிப்பவர் என்ன நினைத்து எரிக்கிறார், பார்ப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது மட்டுமே வேறு. கொடி எரிப்பைக் குற்றமாக்கும் சட்டம் எதைத் தண்டிக்கிறது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் இதற்குச் சொன்ன பதிலை அந்த நாடு இன்றுவரை முழுதாகச் செரித்துக்கொள்ளவில்லை.

1984 ஆகஸ்ட் மாதம், டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரம். ரொனால்ட் ரீகனை மீண்டும் அதிபர் வேட்பாளராக அறிவிக்கக் குடியரசுக் கட்சி மாநாடு கூடியிருந்தது. மாநாட்டுக்கு வெளியே சுமார் நூறு பேர் ஊர்வலம் போனார்கள். பெருநிறுவனங்களின் வாசல்களில் நின்று முழக்கமிட்டார்கள். அணு ஆயுதப் போர் எப்படியிருக்கும் என்று காட்டச் செத்தவர்களைப் போலத் தரையில் விழுந்து கிடந்தார்கள். வழியில் ஒருவர் ஒரு கட்டடத்தின் கம்பத்திலிருந்து கொடியை இறக்கி, கிரெகரி லீ ஜான்சன் என்ற இளைஞரிடம் கொடுத்தார். நகர மன்றக் கட்டடத்தின் எதிரே ஜான்சன் அதை விரித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். சுற்றி நின்றவர்கள் கொடியின் மூன்று நிறங்களையும் சொல்லி, ‘உன்மேல் காறித் துப்புகிறோம்’ என்று பாட்டாகக் கத்தினார்கள். யாருக்கும் காயமில்லை, கைகலப்பும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எரிந்தும் எரியாததுமான துணியைப் பொறுக்கி எடுத்துப் போய்த் தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்.

அவ்வளவு பேரில் ஜான்சன் மீது மட்டும் வழக்கு. டெக்சஸ் சட்டப்படி, பார்ப்பவர் மனம் கடுமையாகப் புண்படும் என்று தெரிந்தே ‘போற்றுதலுக்குரிய பொருளை’ இழிவுபடுத்துவது குற்றம். ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். கொடி அவருடையது அல்ல, திருட்டுப் பொருள். ஆனாலும் அரசு திருட்டுக்கு அவரைத் தண்டிக்கவில்லை. கருத்துச் சொல்வதற்காகக் கொடியைத் திருடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என உச்ச நீதிமன்றமே அடிக்குறிப்பில் எச்சரித்திருக்கிறது. திருட்டு வழக்கோடு விஷயத்தை முடித்திருந்தால் ஜான்சனின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு முன்பே கொடி பலமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் பீர் பாட்டிலில் கொடிப் படம் அச்சிட்டவர்களுக்குக் கிடைத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1907இல் உறுதி செய்தது. 1943இல் காற்று திசை மாறியது. பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று, அதுவும் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தீர்ப்பு வந்தது. 1966இல் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராளி ஜேம்ஸ் மெரடித் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்ட ஒரு கறுப்பின முன்னாள் ராணுவ வீரர், புரூக்ளினில் தன் வீட்டில் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்துத் தெருமுனைக்குக் கொண்டுவந்து எரித்தார். ‘மெரடித்துக்கு இப்படி நடக்க விட்டார்கள் என்றால் நமக்கு அமெரிக்கக் கொடியே வேண்டாம்’ என்றார். 1969இல் அவருடைய தண்டனை ரத்தானது. ஆனால் எரித்தது சரியா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவில்லை. அவர் பேசிய பேச்சுக்காகவும் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லி நழுவிவிட்டார்கள். மையக் கேள்வி அப்படியே கிடந்தது.

அதை ஜான்சன் வழக்கில் 1989 ஜூன் 21 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நீதிபதி வில்லியம் பிரென்னன் எதிர்கொண்டார். அவர் எடுத்துக்கொண்ட வழி இரண்டே படிகள்தான். முதல் படி: இந்தச் செயலில் கருத்து இருக்கிறதா? ஆளுங்கட்சி மாநாட்டின்போது, அரசியல் ஊர்வலத்தின் முடிவில் எரித்திருக்கிறார். இருக்கிறது என்று டெக்சஸ் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. இரண்டாவது படியில்தான் வழக்கின் உயிர் இருந்தது. அரசு இதைத் தடுக்கச் சொல்லும் காரணம், அந்தக் கருத்தோடு தொடர்புடையதா, தொடர்பற்றதா?

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு வியட்நாம் போர்க்கால வழக்கு ஒன்று உதவும். 1966இல் பாஸ்டனில் ஓர் இளைஞர் கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவு அட்டையை நீதிமன்றப் படிக்கட்டில் எரித்தார். அதுவும் போருக்கு எதிரான கருத்துதான். ஆனால் 1968இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது. அட்டை இல்லாமல் ஆள்சேர்ப்பு நிர்வாகம் சிக்கலாகும், எந்த நோக்கத்தில் எரித்தாலும் அந்தச் சிக்கல் ஒன்றேதான், ஆகவே சட்டம் கருத்தைக் குறிவைக்கவில்லை என்றது. (அந்தத் தடைச் சட்டமே போர் எதிர்ப்பாளர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்ததுதான் என்பதை நீதிபதிகள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பது வேறு கதை.)

கொடி விஷயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. ஒரு கொடி எரிந்தால் எந்த அலுவலகத்திலும் வேலை நிற்காது. டெக்சஸ் இரண்டு காரணங்களைச் சொன்னது. முதலாவது, அமைதி கெடும் என்பது. டாலஸில் அமைதி கெடவில்லை. கெட்டிருந்தால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது, தேசத்தின் சின்னம் என்ற மதிப்பைக் காக்க வேண்டும் என்பது. மதிப்பு குறைவது எப்போது? கொடியை வைத்து ஒருவர் மாற்றுக் கருத்தைச் சொல்லும்போதுதான். கிழிந்த கொடியை மரியாதையோடு எரிப்பவர் குற்றவாளி இல்லை, கோபத்தோடு எரிப்பவர் குற்றவாளி என்றால், கொடியை ஒரே திசையில்தான் பேச வைக்கலாம் என்று அரசு உத்தரவு போடுவதாக ஆகிறது என்று பிரென்னன் எழுதினார். ஒரு கருத்து சமூகத்துக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அரசு அதைத் தடுக்க முடியாது என்பதே அமெரிக்க அரசியல் சட்டத்தில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் அடித்தளம் என்றும், கொடி எரிப்புக்கு ஏற்ற பதில் தன் கொடியை உயர்த்திப் பிடிப்பதுதான் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ரீகனை எதிர்த்து எரித்த கொடி அது. அந்த ரீகன் நியமித்த அன்டோனின் ஸ்காலியாவும் ஆன்டனி கென்னடியும் பிரென்னன் பக்கம் நின்றார்கள். இருவரில் ஒருவர் விலகியிருந்தாலும் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும். ‘நமக்குப் பிடிக்காத முடிவுகளையும் சில சமயம் நாம் எடுக்க வேண்டியிருக்கிறது’ என்று கென்னடி தனியாக எழுதினார். ஸ்காலியாவோ, தான் மன்னராக இருந்தால் கொடி எரிப்பவர்களையெல்லாம் உள்ளே தள்ளியிருப்பேன், என்ன செய்வது, நான் மன்னர் இல்லையே என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லிவந்தார்.

எதிர்த் தரப்பை வெறும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் தேசிய கீதத்தையும் கொடிக் கவிதைகளையும் தீர்ப்புக்குள் நீளநீளமாகக் கொட்டி, கொடி எரிப்பு பேச்சே அல்ல, ஒரு விதமான உறுமல் என்றார். என்னைக் கேட்டால், அதே வழக்கில் ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய சின்ன மாறுபட்ட தீர்ப்புதான் கனமானது. அவர் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். ஜான்சன் எதை வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், அரசைக் கடைசிச் சொல்வரை ஏசியிருக்கலாம், ஒரே ஒரு வடிவம்தான் அவருக்கு மறுக்கப்பட்டது என்பது அவருடைய வாதம். லிங்கன் நினைவுச் சின்னத்தின் மேல் சாயம் பூசிக் கருத்துச் சொல்ல யாரையும் விடுவதில்லையே, அங்கே ஏன் யாரும் கருத்துரிமை பேசுவதில்லை என்று கேட்டார்.

கூர்மையான கேள்விதான். ஆனால் லிங்கன் நினைவுச் சின்னம் எல்லோருக்கும் சொந்தமான ஒரே ஒரு கட்டடம். அதில் பூமாலை வரைந்தாலும் பிடித்துக்கொண்டு போவார்கள். காசு கொடுத்து வாங்கிய கொடி வாங்கியவருடையது. அது எரிந்தால் மற்ற கொடிகளில் ஒரு நூல்கூடக் கருகாது. வடிவம் ஒன்றுதானே மறுக்கப்படுகிறது என்ற வாதத்திலும் ஓட்டை உண்டு. ஒருவர் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே சொற்களுக்கு அந்த வலு இல்லை என்பதால்தான். புரூக்ளின்காரர் தெருமுனையில் நின்று புலம்பியிருந்தால் அந்தத் தெருகூடத் திரும்பிப் பார்த்திருக்காது.

தீர்ப்பு வந்ததும் நாடு கொதித்தது. 50 மாநிலங்களில் 48இன் சட்டங்கள் ஒரே நாளில் செல்லாதவையாகின. அதிபர் ஜார்ஜ் புஷ் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார். அதற்கு முன்னால் நாடாளுமன்றம் பெரும் ஆதரவோடு கொடிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. புண்படுத்தும் நோக்கம் என்ற சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு, யார் எதற்கு எரித்தாலும் குற்றம் என்பதுபோல எழுதினார்கள். நைந்த கொடியை அழிப்பதற்கு மட்டும் விலக்கு. 1989 அக்டோபர் 28 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் சியாட்டிலிலும், இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் படிக்கட்டிலும் கொடிகள் எரிந்தன. எரித்தவர்கள் தடையைச் சோதிக்கவே எரித்தார்கள். சட்டம் வராமலிருந்தால் அந்தக் கொடிகள் எரிந்திருக்காது. 1990 ஜூனில் அதே ஐவர் இந்தச் சட்டத்தையும் ரத்து செய்தார்கள்.

மீதமிருந்த வழி அரசியல் சட்டத் திருத்தம். பிரதிநிதிகள் சபை 1995 முதல் 2005 வரை ஆறு முறை அதை நிறைவேற்றி அனுப்பியது. செனட்டில் அதற்கு 67 ஓட்டுகள் வேண்டும். 2006 ஜூன் 27 அன்று கிடைத்தது 66. அன்று எதிர்த்து ஓட்டளித்தவர்களில் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானலும் உண்டு, ஹவாயின் டேனியல் இனோயேவும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் வலது கையைப் பறிகொடுத்தவர் இனோயே. கொடி எரிப்பு தனக்கு வேதனை தருகிறது, ஆனால் போரில் உயிர் கொடுத்தவர்கள் எல்லா அமெரிக்கர்களும் மனத்தில் பட்டதைச் சொல்லும் உரிமைக்காகத்தான் கொடுத்தார்கள் என்று அவையில் பேசினார். ‘கொடிக்காக மடிந்த வீரர்கள்’ என்பதே திருத்தம் கேட்டவர்களின் முதன்மையான வாதம். அதற்கு ஒற்றைக் கையோடு நின்று ஒருவர் பதில் சொன்னபோது மறுத்துப் பேசுவது எளிதாக இருந்திருக்காது.

இப்போது மறுபடியும் அதே பாட்டு. 2025 ஆகஸ்ட் 25 அன்று டொனால்ட் டிரம்ப் கொடி எரிப்பவர்கள் மீது வழக்குத் தொடர முன்னுரிமை கொடுக்கும்படி நிர்வாக ஆணை பிறப்பித்தார். ஓராண்டுச் சிறை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஆணையின் எழுத்தில் அந்த வீரம் இல்லை. ஜான்சன் தீர்ப்பை ரத்து செய்ய அதிபரால் முடியாது என்பதால், தீவைப்பு, சொத்துச் சேதம், வன்முறைத் தூண்டல் போன்ற பொதுச் சட்டங்களைப் பயன்படுத்தச் சொல்கிறது. அன்று மாலையே வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கொடியை எரித்துக் கைதானார். அவர்மீது பதிவான குற்றச்சாட்டில் கொடி என்ற பேச்சே இல்லை. தேசியப் பூங்காவில் தீ மூட்டியது தொடர்பான விதிகளை மீறினார் என்பதுதான்.

மற்ற நாடுகளில் ஒரே நிலைப்பாடு கிடையாது. ஜெர்மனியில் கொடியை இழிவுபடுத்தினால் மூன்றாண்டுவரை சிறை. ஆனால் கொடியைக் கேலி செய்த ஒரு புத்தகப் படத்துக்காக விதித்த தண்டனையை, கலைச் சுதந்திரத்தைக் காட்டி, அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 1990இல் நீக்கியது. டென்மார்க்கில் சொந்தக் கொடியை எரிக்கலாம், அடுத்த நாட்டுக் கொடியைத் தொடக் கூடாது. ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றம் 1999இல் ஜான்சன் தீர்ப்புக்கு நேர் எதிராகப் போய், சீனாவோடு புதிதாக இணைந்த சூழலில் கொடியைக் காப்பது பொது ஒழுங்குக்கு அவசியம் என்றது. பிற்பாடு அந்த நகரத்தில் கருத்துரிமை என்ன கதிக்கு ஆளானது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. 1955 ஆகஸ்ட் 1 அன்று இந்தித் திணிப்பைக் கண்டித்து தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தார். இந்தியை மக்கள்மீது திணிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் காமராஜர் உறுதி கொடுத்தார்; பெரியார் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். ஒரு கொடிகூட எரியாமல், எரிப்பேன் என்ற அறிவிப்பு மட்டுமே ஓர் அரசிடமிருந்து வாக்குறுதியைப் பெற்றுத் தந்தது. கொடி எரிப்பு வெறும் உறுமல் என்ற ரென்க்விஸ்டின் வாதத்துக்கு, அவர் எழுதுவதற்கு 34 ஆண்டுகள் முன்பே இங்கே பதில் கிடைத்திருக்கிறது.

இரண்டாண்டு கழித்து நிலைமை அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. சாதியைப் பாதுகாக்கும் பிரிவுகள் இருப்பதாகச் சொல்லி, 1957 நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தை எரிக்க திராவிடர் கழகம் முடிவெடுத்தது. அப்படி எரிப்பதைத் தண்டிக்க அதுவரை சட்டமே கிடையாது. சென்னை மாநில அரசு அவசர அவசரமாக மூன்றாண்டுச் சிறைக்கு வழிசெய்யும் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் ஆயிரக்கணக்கானோர் எரித்தார்கள், சிறைக்குப் போனார்கள். உள்ளேயே உயிரிழந்தவர்களும் உண்டு. 1986இல் இந்தி தொடர்பான அரசியல் சட்டப் பகுதியின் பிரதியை எரித்ததற்காகத் தி.மு.க. தலைவர் கருணாநிதி சிறை சென்றார். அன்பழகன் உள்ளிட்ட பத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள்.

நாடு முழுமைக்குமான சட்டம் 1971இல் வந்தது. பொது இடத்தில் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சொல்லாலும் செயலாலும் அவமதிப்பது எல்லாம் அதில் குற்றம். கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் இருக்கிறது: சட்டபூர்வமான வழியில் மாற்றம் கோரி விமர்சிப்பது குற்றமாகாது. விமர்சனத்துக்கு வாசல் திறந்திருக்கிறது என்று இதைக் காட்டுவார்கள். எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அரசே சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்கத் தீர்ப்பை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைக் கொடுக்கும்போதே அதற்கு என்னென்ன காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறது. பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு என்று நீளும் அந்த வரிசையில் தேசத்தின் மரியாதை என்ற சொல் இல்லை. அரசு பிடித்துக்கொள்ளக்கூடிய கொழுகொம்பு ‘இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்பதுதான். அது முதலில் இல்லாமல் 1963இல் 16ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. திராவிட நாடு கேட்ட தி.மு.க.வை மனத்தில் வைத்தே அந்தத் திருத்தம் வந்தது என்பதும், அதையொட்டி அண்ணா பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார் என்பதும் தெரிந்த வரலாறு.

இந்திய நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியின் விளிம்பில் நல்ல தீர்ப்புகளைத் தந்திருக்கின்றன. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமலிருந்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியபோது, நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986இல் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில், தேசியக் கொடியை ஏற்றுவது குடிமகனின் கருத்து வெளிப்பாடு, அது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சேர்த்துக்கொண்டது.

நம் பக்கத்து வழக்கு கேக் பற்றியது. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோயம்புத்தூரில் ஆறடிக்கு ஐந்தடி அளவில், இந்திய வரைபடத்தில் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த கேக் ஒன்றை வெட்டி, விழாவுக்கு வந்த சுமார் 2,500 பேருக்குப் பரிமாறினார்கள். மாவட்ட ஆட்சியரும் விருந்தினராக வந்திருந்தார். கொடியை வெட்டித் தின்றுவிட்டார்கள் என்று புகார் போய், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தது. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். தேசப்பற்றை வெளிச்செயலை வைத்து அளக்க முடியாது, அதன் பின்னாலுள்ள நோக்கமே உரைகல் என்றார்.

கேக் தின்றவர்களுக்கு இது நியாயமான தீர்ப்பு. ஆனால் நோக்கம்தான் உரைகல் என்றால், அது காப்பாற்றுவது எதையும் சொல்ல நினைக்காதவர்களை மட்டுமே. ஜான்சனைப் போலவோ 1957இல் வரிசையில் நின்றவர்களைப் போலவோ, மனத்தில் ஒரு கருத்தை வைத்துக்கொண்டு எரிப்பவரின் நோக்கத்தில் ஐயமே இல்லை. அந்த உரைகல்லில் முதலில் மாட்டுவது அவர்தான். கருத்துரிமை யாருக்கு அதிகம் தேவையோ அவரைக் கைவிட்டு, தேவைப்படாதவருக்கு அது கிடைக்கிறது.

கொடியை ஏற்றுவது கருத்து என்றால் அதை எரிப்பதும் கருத்துதான். ஜிண்டால் தீர்ப்புக்குப் பிறகு இதை மறுப்பது கடினம். ஆகவே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை யாராவது நேரடியாக எதிர்த்து வழக்காடினால், எரித்தவரின் நோக்கம் என்ன என்பதில் பெரிய சண்டை இருக்காது. தெருமுனையில் எரியும் ஒரு கொடியால் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு என்ன கேடு வந்தது என்பதை அரசுத் தரப்புதான் காட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலிருந்து ஆதாரம் தேடினால் அவர்களுக்கு அதிகம் கிடைக்காது. 1957இல் அரசியல் சட்டத்தை எரித்த ஊர்கள் 1962இல் அதே அரசியல் சட்டத்தின்கீழ் ஓட்டுப் போட்டன.